சத்தம் கேட்டால் கரையேறணும்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
12.2.2023

அன்பு மகள் பிரேமாவுக்கு,

அப்பா வன்னியபெருமாள் எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி விஜய்குமாரும் சுகம். மூணாறு குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா?

ஆயுசு முழுக்கத் தேயிலை பாக்டரியில் ரோலர் மெஷின் ஓட்டினேன். ரிட்டயரானதும் கம்பெனியின் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு, இப்போது மகன் வீட்டு மாடியில் வந்து விழுந்திருக்கிறேன். கீழே வற்றல் மிளகாய் மொத்தக் கடை. காலையில் எனக்கு முன்னால் என் தும்மல் எழுந்துவிடுகிறது. பனியன் போட்டால் வேர்க்கிறது, கழற்றினால் விஜய்குமாருக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்றுப் பழவங்காடிப் பிள்ளையாரைப் பார்க்கப் போனேன். ஆளாளுக்குத் தேங்காய் வீசி உடைக்கிறார்கள். பஞ்சு மூட்டையில் விழுகிற மாதிரி விழுந்து சிதறுகிறது. நல்ல அமைதியான கோவில்.

மூணாறில் ட்ரவுட் பிடிக்கிற பாஸ் துரைமாருக்கும் அவர்கள் விருந்தாளிகளுக்கும்தான். அவர்களுக்குத் தப்பி நம் லயத்து ஓடைக்கு வந்த மீன்கள் என் கைக்குத் தப்பவில்லை. சேவல் இறகில் நான் கட்டிய தூண்டில் பூச்சிகளை டப்பாவோடு கொண்டுவந்திருக்கிறேன். மலையாறு எங்கே இருக்கிறது என்று உன் தம்பியைக் கேட்டேன். பொன்முடிக்கு அடியில் கல்லாறு, பஸ் போகும் என்றான். கடல் ஊருக்கு வந்து ஆற்று மீனைத் தேடுகிறவன் உன் அப்பன் ஒருத்தன்தான்.

போனில் கூப்பிடாதே. நீ பேசினால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கிறது. இந்த ஊர் டவர் சரியில்லை. கடிதம் போடு.

ஆசிகளுடன்,
அப்பா

*

மூணாறு.
20.2.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரேமாவின் வணக்கம். நாங்கள் சௌக்கியம். அவருக்கு மட்டும் லேசான இருமல். உங்கள் தும்மல் நின்றதா?

டவர் சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். தம்பியிடம் கேட்டேன், சிரித்தான். அதே வீட்டில் அவன் போனில் எல்லாம் தெளிவாகக் கேட்கிறதாம்.

எஸ்டேட் டாக்டர் என்ன சொன்னார் என்பது நினைவிருக்கிறதா அப்பா? "இடது காது மெஷின் சத்தத்திலேயே போயிடுச்சு. வலதுல பாதிதான் மிச்சம், அதையாவது காப்பாத்திக்கங்க." திருவனந்தபுரம் போனதும் காதுக்கு மெஷின் வைத்துக்கொள்வதாக என்னிடம் சொன்னீர்கள். வலது காது இப்போது எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுதுங்கள்.

ஆற்றுக்குப் போனால் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்பு மகள்,
பிரேமா

*

ஆரியசாலை.
6.3.2023

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். தும்மல் குறைந்திருக்கிறது, மிளகாய் என்னை ஊர்க்காரனாக ஒத்துக்கொண்டுவிட்டது. மாப்பிள்ளையின் இருமலுக்கு மிளகுக் கஷாயம் கொடு.

கல்லாறு பார்த்துவிட்டேன்! பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஆறு தெரிகிறது. யானை யானையாகப் பாறைகள், நடுவில் கண்ணாடித் தண்ணீர். ட்ரவுட் இல்லை. அதற்கு இந்தக் குளிர் போதாது. அது தெரியாமல் காலையிலிருந்து இறகுப் பூச்சியை வீசிக்கொண்டிருந்தேன். கரையில் டீக்கடை வைத்திருக்கிற ராஜையன் வந்து பார்த்தார். மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழர். ரப்பர் வெட்ட வந்து இங்கேயே தங்கிவிட்டாராம்.

"இது என்னத்த ஓய், சேவலுக்க பூடைய வச்சு மீனுக்கு ஆரத்தி எடுக்கீரு?"

"ட்ரவுட்டுக்கு இதுதான் அண்ணே" என்றேன்.

"அது அங்க உள்ள துரைமாருக்க மீனு. இஞ்ச உள்ளது கூரலாக்கும். அவனுக்கு அவிச்ச மரச்சீனிதான் வேணும். நம்மள மாதிரிதான், கேட்டீரா அண்ணாச்சி."

மரவள்ளிக் கிழங்கைத்தான் இவர்கள் மரச்சீனி என்கிறார்கள். கிழங்கை உருட்டிப் போட்ட உடனே மீன் இழுத்தது. அது போய்விட்டது, வேறு விஷயம்.

ராஜையன் மீசை வைக்காதவர். முகத்துக்கு நேரே, வாயை நன்றாகத் திறந்து பேசுவார். ஆற்றங்கரையில் எல்லாரும் தண்ணீருக்கு மேல் கத்தித்தான் பேசுகிறார்கள். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் "என்ன?" என்று இரண்டு தடவை கேட்டாலும் யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆசிகளுடன்,
அப்பா

*

மூணாறு.
14.3.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இருமல் போய்விட்டது. கஷாயம் குடித்துவிட்டு உங்களைத்தான் திட்டினார்.

ராஜையன் அண்ணன் பக்கத்தில் இருப்பது எனக்குத் தெம்பு. ஆனால் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. வலது காது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இங்கே ட்ரவுட் பிடிக்கும்போது நீங்கள் ஓட்டத்துக்கு எதிர்முகமாகத்தான் நிற்பீர்கள். மேலேயிருந்து ஒரு மரக்கட்டை வந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அங்கேயும் அப்படித்தானே நிற்கிறீர்கள்? மலையைப் பார்த்துத்தானே?

அன்பு மகள்,
பிரேமா

*

ஆரியசாலை.
10.4.2023

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். நீங்கள் நலமாக இருக்கப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு என் பங்குத் தேங்காயையும் உடைத்துவிட்டேன்.

இப்போது வாரம் ஒரு நாளாவது கல்லாறு போகாவிட்டால் கை அரிக்கிறது. கூரல் பிடித்தேன், முழங்கை நீளம்! ராஜையனின் மனைவி ரத்னாபாய் கொடம்புளி போட்டுக் குழம்பு வைத்தாள். "மூணாறுக்காரருக்கு மீனும் பிடிக்கத் தெரியுமா? சாயா குடிக்க மட்டும் தெரியும்னு நினைச்சேன்" என்று கிண்டல் வேறு.

நிற்கிற விதத்தைக் கேட்டாய். இங்கே எல்லாம் தலைகீழ், பிள்ளே. கிழங்கு உருண்டையைத் தண்ணீரோடு கீழே ஒழுக விட வேண்டும். அதனால் மலைக்கு முதுகைக் காட்டி, ஆறு போகிற பக்கம் பார்த்து நிற்க வேண்டும். ராஜையன்தான் பாறை பார்த்துக் கொடுத்தார். அப்போது ஒரு விஷயமும் சொன்னார்.

"இஞ்ச வெயில் அடிக்கும், மேல பொன்முடியில மழ கொட்டும். அங்க உள்ள தண்ணி ஒண்ணாச் சேந்து இறங்கும், அதுதான் மலவெள்ளம். கண்ணுல பாத்தா பிந்திப் போச்சு. ஆனா முன்னக்கூட்டியே சத்தம் கேக்கும். லாரியில கல்லு தட்டுன மாதிரி. கேட்டா தூண்டில் வேண்டாம், மீன் வேண்டாம், கரையேறணும். அவ்வளவுதான் சங்கதி. மனசிலாச்சா?"

நான் தலையாட்டினேன். அவர் திருப்தியாகப் போய்விட்டார்.

பயப்படாதே. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஆசிகளுடன்,
அப்பா

*

மூணாறு.
17.4.2023

அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். மனசுக்கு இல்லை.

உங்கள் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். சத்தம் கேட்டால் கரையேற வேண்டும். கேட்காவிட்டால்?

நீங்கள் மூணாறை விட்டுப் போன நாள் நினைவிருக்கிறதா? குடையை மறந்துவிட்டீர்கள். பஸ் ஸ்டாண்டில் உங்களுக்குப் பின்னால் நின்று "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டேன். சுற்றி நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் திரும்பாமல் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். மனசு கனத்துப் போய்த் திரும்பாமல் போகிறார் என்று நினைத்து அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். இப்போதுதான் தோன்றுகிறது, உங்களுக்குக் கேட்கவே இல்லை.

ஓடைக்கும் ஆற்றுக்கும் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். ராஜையன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "எனக்குக் காது கேக்காது." இவ்வளவுதான். தெரிந்தால் அவர் உங்களைப் பார்த்துக்கொள்வார்.

பிரேமா

*

ஆரியசாலை.
2.5.2023

அன்பு மகளுக்கு,

நலம். மாப்பிள்ளையைப் பயமுறுத்தாதே, பாவம், ஏற்கெனவே ஒல்லி.

குடை விஷயம் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நீ கையை ஆட்டியது தெரிந்தது. டாட்டா என்று நினைத்து நானும் ஆட்டினேன்.

ராஜையனிடம் சொல்லலாம்தான். பாக்டரியில் மெஷினில் விரல் போனவனை வாசலில் சாக்கு எண்ண உட்கார வைப்பார்களே, பார்த்திருக்கிறாய். யாரும் அவனை ஏசுவதில்லை. எல்லாரும் அன்பாகத்தான் இருப்பார்கள். அவன் அன்றைக்கே கிழவனாகிவிடுவான். ராஜையன் நல்ல மனுஷன், அதனால்தான் யோசிக்கிறேன். தெரிந்தால் என்னைத் தண்ணீரில் கால் வைக்க விட மாட்டார். கரையில் உட்கார்த்திக் கிழங்கு உருட்டச் சொல்வார்.

இங்கே வீட்டில் உன் தம்பியும் அவன் சிநேகிதர்களும் மலையாளத்தில் பேசிச் சிரிக்கிறார்கள். எனக்குப் புரியாதது மலையாளத்தாலா, வேறு எதனாலா என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். ஆற்றில் நின்றால் சிரிக்க வேண்டியதில்லை.

சரி, அடுத்த தடவை போகும்போது சொல்லிவிடுகிறேன். இனி காதைப் பற்றி எழுதாதே.

அப்பா

*

மூணாறு.
29.5.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நலமா? நிஜமாகவே கேட்கிறேன்.

கல்லாற்றில் மலைவெள்ளம் வந்து ஒருத்தர் போய்விட்டார் என்று அவர் பேப்பரில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். உடனே தம்பிக்குப் போன் போட்டேன். முதலில் நம்பர் தப்பாகப் போனது. "அப்பா வீட்லதான் இருக்கார்க்கா, ஒண்ணும் பேடிக்கண்டா" என்றான், பயப்பட வேண்டாமாம். அப்புறம் சொன்னான், நீங்கள் ஒரு நாள் செருப்பு இல்லாமல், ஈரச் சட்டையோடு வந்தீர்களாம். கேட்டதற்கு மழை என்றீர்களாம். அன்றைக்கு ஆரியசாலையில் மழையே இல்லையாம். அதற்குப் பிறகு நீங்கள் யாரிடமும் பேசவில்லையாம்.

பேப்பரில் பேர் போடவில்லை. போனது யார் அப்பா?

பிரேமா

*

மூணாறு.
12.6.2023

அப்பா,

பதில் இல்லை. தபால்காரர் லயத்துக்கு வரும்போதெல்லாம் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு ஓடுகிறேன்.

திட்ட மாட்டேன். ஒரு வரி எழுதுங்கள்.

பிரேமா

*

ஆரியசாலை.
20.6.2023

பிரேமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்காலில் காயம், ஆறிவிட்டது.

போனது ராஜையன்.

அன்றைக்கு நல்ல வெயில். மலை உச்சியில் மட்டும் மேகம். அடுத்த தடவை சொல்லிவிடுகிறேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். சொல்லத்தான் போனேன். கடையில் ஆள் கூட்டம். அவர்கள் முன்னால் சொல்ல வேண்டாம், ஒரு மீன் பிடித்துவிட்டு வந்து சொல்லலாம் என்று இறங்கினேன். மலைக்கு முதுகைக் காட்டி நின்றேன். மீன் இழுத்தது, பெரிய மீன். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகி முழங்காலில் சருகு வந்து ஒட்டியது. திரும்பினேன். கரைப் பாறையில் ராஜையன் நின்று இரண்டு கையையும் வீசிக் கத்திக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் கத்தினாரோ தெரியாது. நான் திரும்பியும் உடனே நகரவில்லை. அவர் பின்னால் மேலேயிருந்து வந்த வெள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் இறங்கி வந்தார். என் சட்டையைப் பிடித்து ஒரு வேர்ப் பக்கம் தள்ளிவிட்டார். நான் வேரைப் பிடித்தேன். அவருக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. அவ்வளவு பெரிய வெள்ளம், பிரேமா, பஞ்சு மாதிரி போயிற்று.

கீழே ஒரு வளைவில் கிடைத்தார். சர்ச்சில் அடக்கம். நானும் போனேன். அவர் மீன் பிடிக்க இறங்கி வழுக்கிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் பக்கத்தில் நின்ற ஆள், அவ்வளவுதான். ரத்னாபாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கடசியா உங்களயாக்கும் பாத்திருக்கார். என்ன விளிச்சுச் சொன்னார் அண்ணாச்சி?"

"தண்ணிச் சத்தத்துல கேக்கலை அம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். அன்றைக்கு ஆற்றில் நான் ஒரு கையால்தான் வேரைப் பிடித்திருந்தேன். இன்னொரு கை சும்மாதான் இருந்தது. என்னைப் பிடியும் என்று கேட்டிருந்தால்? அந்த வாயை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

அப்பா

*

மூணாறு.
27.6.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருப்பதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். யார் யாருக்கோ சொன்னேன், ராஜையன் அண்ணனுக்கும் சொன்னேன்.

தண்ணிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அந்த அக்காவிடம் சொல்லியிருக்கிறீர்கள். அப்பா, தண்ணிச் சத்தம் உங்களுக்குக் கேட்டதா?

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அந்த அக்காவிடம் சொல்லுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பிரேமா

*

ஆரியசாலை.
9.7.2023

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்த பிறகும் சில நாள் ஒன்றும் செய்யாமல்தான் இருந்தேன். பஸ் ஏறுவேன், பாதி வழியில் இறங்கித் திரும்பி வருவேன். கண்டக்டர் என்னை மறதிக்காரன் என்று நினைத்து, "விதுரையில் இறங்ஙணோ அப்பச்சா, நெடுமங்காட்டிலோ?" என்று முகத்துக்கு நேரே குனிந்து கேட்க ஆரம்பித்துவிட்டார். நேற்று முழுத் தூரமும் போனேன்.

கடை அடைத்திருந்தது. பின்னால் வீடு. ரத்னாபாய் அடுப்படியில் இருந்தாள். உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூல் போட்டாள். நான் உட்காராமல் சொன்னேன்.

"அம்மா, எனக்குக் காது கேக்காது. ரெண்டு காதும். அவர்கிட்ட சொல்லலை. அவர் வழுக்கி விழலை. கரையில நின்னு என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கேக்கலை. அதனால இறங்கினார்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் அடி விழும் என்று நினைத்தேன், விழுந்தால் நல்லது என்றும் நினைத்தேன். அப்புறம் பக்கத்தில் வந்து, வாயைப் பெரிதாகத் திறந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அப்பம், நான் பேசுகது எப்பிடி மனசிலாகுது?"

"வாயைப் பாத்து. பாக்டரியில மெஷின் ஓடும்போது எல்லாரும் அப்படித்தான் பேசுவோம்."

"அப்பம் அவருக்க வாயும் பாத்திருப்பீங்க."

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் சொல்லுகேன். இப்பிடித்தான் இருந்துதான்னு பாருங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் நேராக நின்றாள். "ரத்னம்."

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஏசுவே."

இல்லை.

அடுத்ததைச் சொல்ல அவளுக்கும் பயம் என்று தெரிந்தது. "பிடியும் ஓய்."

இத்தனை நாள் நினைக்க விடாமல் நான் தள்ளிவைத்த வாயை, வேறு வழியில்லாமல் அப்போது அவள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிடியும் என்றால் முதலில் உதடு இரண்டும் ஒட்டும். அவருக்கு ஒட்டவில்லை. மேல் பல் கீழ் உதட்டில் பட்டது. நன்றாகத் தெரியும். மீசை இல்லாத முகம்.

"பிடியும் இல்லம்மா. விடாதேயும்."

அவள் அதைத் தானும் சொல்லிப் பார்த்தாள், சத்தம் போட்டோ போடாமலோ. "விடாதேயும் ஓய்." அதுதான். அதேதான்.

"உங்களுக்குச் சொன்னதா?" என்று கேட்டாள்.

"ஆமா. நான் பிடிச்சிருந்த வேரை."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "யாரையாவது விளிச்சு, யாரும் வராமப் போயிட்டாரோன்னு பேடிச்சுட்டு இருந்தேன்" என்றாள். அதுவரை எல்லாம் தெளிவாகப் புரிந்தது. நான் உனக்கு ஒரு எழுத்தும் கூட்டி எழுதவில்லை.

அப்புறம் அவள் எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு முதுகைக் காட்டி நின்று பேச ஆரம்பித்தாள். தோள் குலுங்குவதும், கை ஒரு தடவை ஓங்கி இறங்குவதும் தெரிந்தது. வெகுநேரம் பேசினாள். என்னை ஏசினாளோ, அவரை ஏசினாளோ, போய்வா என்று சொன்னாளோ, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னாளோ, எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் பேசி முடிக்கிற வரைக்கும் தலையைக் குனிந்து நின்றேன்.

அப்பா